கன் ஷாப் ரெக்கார்டு: நோட்டா, எக்செல்லா, சாஃப்ட்வேரா, கன்சல்டன்ட்டா?

அமெரிக்காவுல கன் ஷாப், பான் ஷாப் (அடகுக் கடை) நடத்தறவங்க, அந்த மாதிரி கடைகளுக்கு கணக்கு பாக்கறவங்க, சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்கறவங்கன்னு நம்ம ஆளுங்க சில பேர் கொஞ்ச நாளா ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டுட்டு இருக்காங்க. "இத்தனை வருஷமா நோட்டுலதான் எழுதறோம், இப்ப ஸ்டேட் சட்டம் வருஷத்துக்கு ரெண்டு தடவை மாறுது, சாஃப்ட்வேருக்கு போயிடலாமா, இல்ல தெரிஞ்ச கன்சல்டன்ட் யாரையாவது பிடிச்சு வெச்சுக்கலாமா?" இதுதான் கேள்வி.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். மாசத்துக்கு எத்தனை துப்பாக்கி விக்கறீங்கன்னு வெச்சு முடிவு பண்ணாதீங்க, எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கறாங்க, அது தப்பான இடம். உங்க மாநிலம் என்ன கேக்குது, உங்க ரெக்கார்டுல எத்தனை பேர் கை படுது, இந்த ரெண்டைப் பாருங்க. அப்புறம் எதை வாங்கினாலும் சரி, சட்டம் மாறிடுச்சான்னு கவனிக்கற வேலை லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்க தலையிலதான் நிக்கும். அதைக் காசு குடுத்து முழுசா கைமாத்த முடியாது.

எது எல்லாருக்கும் பொது, எது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்

ஃபெடரல் பக்கம் அடித்தளம் ஒண்ணுதான். 1968 கன் கன்ட்ரோல் ஆக்ட், அதுக்கு கீழ ஏ.டி.எஃப் (துப்பாக்கி வியாபாரத்தைக் கண்காணிக்கற ஃபெடரல் அமைப்பு) குடுக்கற எஃப்.எஃப்.எல்-ன்ற துப்பாக்கி வியாபார லைசென்ஸ். கடைக்குள்ள வர்ற ஒவ்வொரு துப்பாக்கியும், வெளிய போற ஒவ்வொண்ணும் பவுண்ட் புக்ல, அதாவது வரவு-பற்று நோட்டுல, ஏறணும். டீலரா இருந்தா வரவை அடுத்த வேலை நாள் முடியறதுக்குள்ள எழுதணும், போனதை 7 நாளுக்குள்ள எழுதணும். வாங்கறவர் ஒவ்வொரு விற்பனைக்கும் 4473-ன்ற ஃபெடரல் ஃபாரம் நிரப்பணும், அவர் துப்பாக்கி வாங்கலாமான்னு பாக்கற பேக்ரவுண்ட் செக் போகணும். அஞ்சு வேலை நாளுக்குள்ள ஒரே ஆளுக்கு ரெண்டு ஹேண்ட்கன்னோ அதுக்கு மேலயோ வித்தா அன்னைக்கே 3310.4 ஃபாரம் அனுப்பணும். துப்பாக்கி காணோம்னு தெரிஞ்சா 48 மணி நேரத்துல ரிப்போர்ட். ட்ரேஸ் (ஒரு துப்பாக்கி யார் கைக்குப் போச்சுன்னு ஏ.டி.எஃப் தேடறது) கேட்டு போன் வந்தா 24 மணி நேரத்துல பதில்.

இதுவும் மாறாம இல்ல. 4473 ஃபாரமே 2022 டிசம்பர்ல ஒரு பதிப்பு, 2023 ஆகஸ்ட்ல இன்னொரு பதிப்புன்னு வந்துச்சு. முன்னாடி 20 வருஷம் வெச்சிருந்தா போதும்னு இருந்த ரெக்கார்டை, 2022 ஆகஸ்ட் 24ல இருந்து கடையை மூடற வரைக்கும் வெச்சிருக்கணும்னு ஆக்கிட்டாங்க. இந்த ஒரு மாத்தமே பேப்பரா கம்ப்யூட்டரான்ற கணக்கை புரட்டிப் போட்டுச்சு, அதுக்கு கீழ வர்றேன்.

ஆனா கடைக்காரங்களை உண்மையிலேயே படுத்தறது மேல் மாடி, அதாவது ஸ்டேட். டெக்சாஸ்ல தனியா ஸ்டேட் டீலர் லைசென்ஸே கிடையாது, செக் நேரா எஃப்.பி.ஐ-க்கு போகுது. இல்லினாய்ல ஃபெடரல் லைசென்ஸுக்கு மேல ஸ்டேட் போலீஸ்கிட்ட சர்ட்டிஃபிகேஷன் வேற, கடை வெச்சு விக்கறவங்களுக்கு அதுக்கு 1,500 டாலர் வரைக்கும் ஆகும் (ஃபெடரல் டீலர் லைசென்ஸ் முதல் மூணு வருஷத்துக்கு 200 டாலர், ரினியூவல் 90 டாலர், ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க). கொலராடோல 2025 ஜூலை 1ல இருந்து ஸ்டேட் பெர்மிட் வேணும். நியூயார்க்ல 2023 செப்டம்பர் 13ல இருந்து செக் எல்லாம் ஸ்டேட் போலீஸ் வழியாதான். வாஷிங்டன் மாநிலத்துல 2024 ஜனவரி 1ல இருந்து செக் ஸ்டேட் பேட்ரோல் சிஸ்டம் வழியா, கூடவே பத்து வேலை நாள் காத்திருப்பும் ட்ரெய்னிங் சர்ட்டிஃபிகேட்டும். கலிஃபோர்னியாவுல பத்து நாள் வெயிட்டிங் ரொம்ப நாளா இருக்கு, 2024 ஜனவரில இருந்து கடையில வீடியோ ஆடியோ பதிவு, அதே வருஷம் ஜூலை 1ல இருந்து 11 சதவீத எக்சைஸ் டாக்ஸ்.

இன்னொண்ணு, சட்டம் வர்றது மட்டும் இல்ல, போறதும் உண்டு. மெய்ன் மாநிலத்துல 72 மணி நேர வெயிட்டிங் 2024 ஆகஸ்ட் 9ல அமலுக்கு வந்துச்சு, 2025 பிப்ரவரில ஃபெடரல் ஜட்ஜ் ஒருத்தர் அதை நிறுத்தி வெச்சார். கலிஃபோர்னியாவோட முப்பது நாளுக்கு ஒரு துப்பாக்கின்ற ரூலை 2025 ஜூன்ல அப்பீல் கோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அதனால "இந்தத் தேதியில இந்த ரூல் இருந்துச்சு, அதனால இப்படி வித்தோம்"னு காட்ட முடியற ரெக்கார்டு வேணும். இன்னைய ரூலை மட்டும் தெரிஞ்சு வெச்சா போதாது.

எதை வெச்சு எடை போடலாம்

நான் அஞ்சு விஷயம் பாப்பேன்.

ஒண்ணு, மாநிலமே வழியை அடைச்சிருக்கா. இல்லினாய்ல கடை வெச்சிருக்கறவங்க 2020ல இருந்து ஸ்டாக்கை எலக்ட்ரானிக்காதான் வெச்சிருக்கணும், விக்கறதை 24 மணி நேரத்துக்குள்ள ஏத்தணும். ஃபெடரல் 7 நாள் தருதேன்னு உக்காந்திருந்தா அங்க ஆகாது. இந்த மாதிரி ரூல் இருக்கற இடத்துல மிச்ச விவாதமே தேவையில்ல.

ரெண்டு, எத்தனை கை. ஒரே ஆள் எழுதற நோட்டு வேற, ஞாயித்துக்கிழமை பார்ட் டைம் பையனும் எழுதற நோட்டு வேற.

மூணு, ஒரே சீரியல் நம்பரை எத்தனை இடத்துல அடிக்கணும். பவுண்ட் புக் ஒண்ணு, 4473 ரெண்டு, ஸ்டேட் போர்ட்டல் மூணு. மூணு இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும், B-யும் 8-ம் குழம்பினா முடிஞ்சுது.

நாலு, தப்பைத் திருத்தினா தடம் நிக்குதா. இது இன்ஸ்பெக்ஷன்ல பெரிய விஷயம்.

அஞ்சு, வெளிய வர்ற வழி. கம்பெனி மூடினா, விலை ஏத்தினா, நீங்களே கடையை மூடினா, ரெக்கார்டு உங்க கையில முழுசா வருமா? கடையை மூடி, வேற யாரும் எடுத்து நடத்தலைன்னா 30 நாளுக்குள்ள எல்லா ரெக்கார்டும் ஏ.டி.எஃப்-க்குப் போயாகணும்.

விலையைத் தனியா சேக்கல. விலைன்னு சொல்றதுல பாதி நேரம்தான், அதை ஒவ்வொண்ணுலயும் சொல்றேன்.

வழி 1: நோட்டும் பேப்பர் ஃபாரமும்

பேப்பரை கேவலமா பாக்கறவங்க நிறைய பேர், நான் அப்படிப் பாக்கல. நல்ல கையெழுத்து உள்ள ஒரே ஓனர், வாரத்துக்கு நாலஞ்சு விற்பனை, ஸ்டேட் பெருசா குறுக்க வராத இடம்னா, தைச்ச நோட்டு இன்னைக்கும் ரொம்ப உறுதியான ரெக்கார்டு. பாஸ்வேர்டு மறக்காது, சர்வர் படுக்காது, மாசச் சந்தா கிடையாது. தப்பு வந்தா ஒரே கோடு போட்டு அடிச்சு, சரியானதை எழுதி, பக்கத்துல இனிஷியலும் தேதியும். முடிஞ்சுது. வொயிட்னர் போடறது, பக்கத்தைக் கிழிக்கறது மட்டும் கூடவே கூடாது. விற்பனை முடிஞ்ச 4473ல தப்பு கண்டா ஒரிஜினலைத் தொடாம, அதோட போட்டோகாப்பில திருத்தி, கையெழுத்தும் தேதியும் போட்டு ஒரிஜினலோட சேத்து வெக்கணும்.

மறைஞ்சிருக்கற செலவு மூணு இருக்கு. முதல்ல இடம். கடை இருக்கற வரைக்கும் எல்லா 4473-ம் இருக்கணும், அதுவும் வாங்கினவர் பேர் வரிசையிலயோ, வித்த தேதி வரிசையிலயோ, நம்பர் வரிசையிலயோ அடுக்கி. இருபது வருஷத்துக்கு மேல ஆன பேப்பரை தனி குடோன்ல வெக்கலாம், ஆனா அந்த குடோனும் இன்ஸ்பெக்ஷனுக்கு உட்பட்டதுதான். ரெண்டாவது தேடற நேரம். ட்ரேஸ் கால் வந்து ஒரு சீரியல் நம்பர் கேட்டா, அது எந்த வருஷ நோட்டுல இருக்குன்னே தெரியாம பக்கம் பக்கமா விரல் வெச்சுப் போகணும், 24 மணி நேரம்னா நிறைய மாதிரி தெரியும், லீவு நாள்ல தனியா கடையில நிக்கறவருக்கு அது நிறைய இல்ல. மூணாவது, இதுதான் பெருசு, பேப்பர் வாயைத் திறந்து எதுவும் சொல்லாது. காலியா விட்ட கட்டத்தைப் பேப்பர் காட்டிக் குடுக்காது, வாடிக்கையாளர் கௌன்ட்டி பேர் எழுத மறந்தா அப்படியே ஃபைலுக்குள்ள போயிடும், அடுத்த இன்ஸ்பெக்ஷன்லதான் வெளிய வரும்.

தீயும் தண்ணியும் தனி. நோட்டுக்கு பேக்கப் கிடையாது.

வழி 2: ஏ.டி.எஃப் குடுக்கற இலவச இ-ஃபாரமும் சொந்த எக்செல்லும்

ஐ.டி-ல இருக்கறவங்க எல்லாரும் முதல்ல இங்கதான் வருவாங்க, "ஒரு ஷீட் போட்டா முடிஞ்சுது"ன்னு. பாதி சரி. 4473-க்கு ஏ.டி.எஃப் இலவசமா ஒரு அப்ளிகேஷன் தருது, கட்டாயமான கேள்வியைத் தாண்டி போக விடாது, அது உண்மையிலேயே நல்ல விஷயம், நோட்டு பிடிச்சிருக்கறவங்க கூட இதை மட்டும் எடுத்துக்கலாம். ஆனா அது ஃபெடரல் ஃபாரம் மட்டும்தான். ஸ்டேட் ஃபாரம் எதுவும் அதுல வராது, பவுண்ட் புக்கும் அது கிடையாது.

எக்செல்ல பவுண்ட் புக் வெக்கறதுதான் சிக்கல். கம்ப்யூட்டர்ல வெக்கறதுக்கு ஏ.டி.எஃப் ரூலிங் 2016-1 சில நிபந்தனை சொல்லுது. தினமும் பேக்கப் எடுக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது முழுசா பிரின்ட் போடணும் இல்ல டவுன்லோடு பண்ணி வெக்கணும். திருத்தினா பழைய பதிவை அழிக்காம புதுப் பதிவா ஏத்தணும். சாதாரண எக்செல்ல ஒரு செல்லை க்ளிக் பண்ணி மேலயே அடிச்சா பழசு போச்சு, தடமே இல்ல. வரிசைப்படுத்தறதை (sort) தப்பா பண்ணா ஒரு காலம் (column) மட்டும் நகர்ந்து, இவர் வாங்கின துப்பாக்கி அவர் பேர்ல நிக்கும், அது அன்னைக்கே தெரியவும் தெரியாது.

ஒழுங்கா லாக் பண்ணி, திருத்தத்துக்கு தனி வரி, குறிப்புக்கு தனி காலம்னு கட்டினா முடியாதுன்னு இல்ல. ஆனா அதைக் கட்டின ஆள் வேலையை விட்டுப் போனா? ஸ்டேட் ஒரு புது விவரம் கேட்டா யார் காலம் சேப்பாங்க, பழைய வரிகளுக்கு என்ன போடுவாங்க? இதெல்லாம் இலவசம் இல்ல, சம்பளமா போகுது.

நல்லா எழுதத் தெரிஞ்ச ஒரே ஆள், அவரே ஓனர், துப்பாக்கி ரிப்பேர் மட்டும் பண்ற சின்ன கன்ஸ்மித் கடை, இந்த மாதிரி இடத்துக்கு இது போதும். அங்கயும் ஒண்ணு ஞாபகம் இருக்கணும்: ராத்திரி கடையில தங்கற ரிப்பேர் துப்பாக்கியும் புக்ல ஏறணும்.

வழி 3: காசு குடுத்து வாங்கற பவுண்ட் புக் சாஃப்ட்வேர்

ஃபாஸ்ட்பவுண்ட், ஆர்கிட் மாதிரி கம்பெனிங்க இதுக்குன்னே இருக்கு, கடை பில்லிங் சாஃப்ட்வேரோட சேந்து வர்றதும் உண்டு. இதுல கிடைக்கற பெரிய லாபம் சீரியல் நம்பரை ஒரு தடவை அடிச்சா போதும், 4473-க்கும் புக்குக்கும் அதுவே போகும். ஒரே ஆள் அஞ்சு நாளுக்குள்ள ரெண்டாவது ஹேண்ட்கன் எடுத்தா அதுவே கத்தும். ட்ரேஸ் கேட்டா சில நொடியில பதில். யார் எப்ப என்ன திருத்தினாங்கன்னு தடம் தானா நிக்கும்.

வெயிட்டிங் பீரியட் இருக்கற மாநிலத்துக்கு இதோட அருமை இன்னும் அதிகம், இதை யாரும் விளக்கிச் சொல்றதில்ல அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். 4473ல வாங்கறவர் கையெழுத்து போட்ட நாளும் துப்பாக்கி கைமாறற நாளும் வேற வேறயா இருந்தா, அவர் திரும்ப வந்து செக்ஷன் டி-ல மறுபடி உறுதி சொல்லி கையெழுத்து போடணும். டெக்சாஸ் கடைக்கு இது எப்பவாவது வர்ற விஷயம். பத்து நாள் வெயிட்டிங் உள்ள மாநிலத்துல சாதாரண விற்பனை ஒவ்வொண்ணுக்கும் இது வரும். அதாவது ஃபெடரல் ஃபாரத்துல ஒரு எழுத்து மாறலைன்னாலும், ஸ்டேட் சட்டம் மாறின அன்னைக்கே உங்க ஃபாரத்துல ஒரு புது தப்புக்கான இடம் பொறந்திடுது. கூடவே அந்த செக் 30 காலண்டர் நாளுக்குத்தான் செல்லும், வாடிக்கையாளர் ஊருக்குப் போயிட்டு 32-ஆவது நாள் வந்தா திரும்ப புது ஃபாரம், புது செக். இதையெல்லாம் சுவத்துல காலண்டர் மாட்டி கவனிக்கறதை விட ஒரு மெஷின் கவனிக்கறது நல்லது.

மறை செலவுக்கு வருவோம். சந்தா கண்ணுக்குத் தெரியும், தெரியாதது வேற. பழைய ஸ்டாக்கை ஏத்தற வேலை வாரக் கணக்குல போகலாம். 4473-ஐ கம்ப்யூட்டர்லயே சேத்து வெக்கணும்னா ரூலிங் 2022-1 படி உங்க ஏரியா ஏ.டி.எஃப் ஆபீஸுக்கு 60 நாள் முன்னாடியே எழுதிக் குடுக்கணும், இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க உக்காந்து பாக்க கம்ப்யூட்டர் ஒதுக்கணும். க்ளவுட்னா அந்த சர்வர் வெச்சிருக்கற கம்பெனி அமெரிக்காவுல இருக்கணும், அதனால "நான் வேற நாட்டு சர்வர்ல சீப்பா போட்டுத் தரேன்"னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க. பழைய பேப்பர் பெட்டி எல்லாம் சாஃப்ட்வேர் வந்ததால காணாம போகாது, அதுவும் கூடவே இருக்கும்.

எல்லாத்தையும் விட ஆபத்தான மறை செலவு, மனசுல வர்ற தைரியம். பச்சை டிக் வந்துடுச்சு, சரியாதான் இருக்கும்னு விட்டுடறது. சாஃப்ட்வேர் கட்டம் காலியா இருக்கான்னு பாக்கும், எழுதினது உண்மையான்னு பாக்காது. அடையாள அட்டையில ஒரு அட்ரஸ், ஃபாரத்துல ஒரு அட்ரஸ்னா அதைக் கண்டுபிடிக்கறது கவுன்ட்டர்ல நிக்கற ஆள்தான். ஸ்டேட் ரூலையும் எல்லா கம்பெனியும் எல்லா மாநிலத்துக்கும் ஏத்தி வெக்கறதில்ல. வாங்கறதுக்கு முன்னாடி இதை எழுத்துல கேளுங்க: என் மாநிலத்துல சட்டம் மாறினா எத்தனை நாள்ல மாத்துவீங்க? கோர்ட் நிறுத்தி வெச்சா அதையும் மாத்துவீங்களா? ஸ்டேட் போர்ட்டலுக்கு நேரா அனுப்புமா, இல்ல நான் திரும்ப அடிக்கணுமா? நான் விலகினா ரெக்கார்டு எந்த வடிவத்துல வரும்? மழுப்பினா அடுத்த கம்பெனியைப் பாருங்க.

வழி 4: கன்சல்டன்ட், வக்கீல்

ஏ.டி.எஃப்ல இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க நிறைய பேர் இதைப் பண்றாங்க. கடைக்கு வந்து நிஜ இன்ஸ்பெக்ஷன் மாதிரியே ஸ்டாக்கை எண்ணி, ஃபாரத்தைப் புரட்டி, லிஸ்ட் போட்டுத் தருவாங்க. என்.எஸ்.எஸ்.எஃப்-ன்ற தொழில் சங்கமும் மெம்பர் கடைகளுக்கு கம்ப்ளையன்ஸ் உதவி பண்ணுது.

இதை மத்த மூணுக்கும் பதிலா நினைக்காதீங்க, தினசரி எழுதற வேலையை அவங்க பண்ண மாட்டாங்க. ஆனா மாநில சட்டத்தைப் படிச்சு உங்க கடைக்கு என்ன அர்த்தம்னு சொல்ற ஒரே வழி இதுதான், மத்த மூணும் அதைத் தராது.

மறை செலவு பணத்துல இல்ல. எண்ணும்போது ஒரு துப்பாக்கி குறைஞ்சா, தெரிஞ்ச அந்த நிமிஷத்துல இருந்து 48 மணி நேரக் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும், "அப்புறம் தேடிப் பாக்கலாம்"ன்றதுக்கு இடமில்ல. அடுத்தது, அவங்க எழுதித் தர்ற ரிப்போர்ட். லைசென்ஸை ரத்து பண்ண மீறல் வேணும்னே பண்ணதா இருக்கணும்னு சட்டம் சொல்லுது. ரூல் தெரிஞ்சும் அலட்சியமா அதே தப்பைத் திரும்பத் திரும்பப் பண்ணா, அதை வேணும்னே பண்ணதாதான் கோர்ட்டுங்க எடுத்துக்கறாங்க. ஆக, ரிப்போர்ட் வாங்கி டிராயர்ல போட்டுட்டு ஒண்ணும் பண்ணாம இருந்தா, வாங்காம இருந்ததை விட மோசம். இதனாலதான் சில கடைங்க வக்கீல் மூலமா கன்சல்டன்ட்டை வெக்கறாங்க, அந்தப் பேச்சுக்கு வக்கீல்-கட்சிக்காரர் பாதுகாப்பு கிடைக்க வாய்ப்பு இருக்குன்னு.

ஏற்கனவே ஒரு இன்ஸ்பெக்ஷன்ல மீறல் ரிப்போர்ட் வாங்கினவங்க, கடையை வாங்கப் போறவங்க, புது மாநிலத்துல கிளை திறக்கறவங்க, இவங்க மூணு பேரும் சாஃப்ட்வேருக்கு முன்னாடி இதுக்குத்தான் செலவு பண்ணணும்.

பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா

| | நோட்டு | இ-ஃபாரம் + எக்செல் | சாஃப்ட்வேர் | கன்சல்டன்ட் |
|---|---|---|---|---|
| ஆரம்பச் செலவு | ரொம்ப கம்மி | கம்மி, நேரம் போகும் | சந்தா + ஸ்டாக் ஏத்தற வேலை | ஒவ்வொரு வருகைக்கும் |
| காலி கட்டத்தைப் பிடிக்குமா | பிடிக்காது | 4473ல மட்டும் | பிடிக்கும் | நடந்து முடிஞ்சப்புறம் |
| திருத்தின தடம் | கோடும் இனிஷியலும் | நீங்களே கட்டணும் | தானா நிக்கும் | பொருந்தாது |
| ட்ரேஸ் பதில் | மெதுவா | வேகமா | ரொம்ப வேகமா | பொருந்தாது |
| ஸ்டேட் சட்ட மாத்தம் | நீங்கதான் | நீங்கதான் | கொஞ்சம், கேட்டுப் பாக்கணும் | விளக்குவாங்க |
| பல பேர் எழுதினா | கஷ்டம் | ஆபத்து | நல்லது | ட்ரெய்னிங் தருவாங்க |

எந்தக் கடைக்கு எது

டெக்சாஸ் மாதிரி இடத்துல தனி ஆள் கடை: நோட்டு, கூட ஏ.டி.எஃப் இ-ஃபாரம். சந்தா கட்டற காசை வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட்டுக்கு போடுங்க. டெக்சாஸ், அரிசோனா, நியூ மெக்ஸிகோ, கலிஃபோர்னியா நாலுலயும் சில வகை ரைஃபிளுக்கும் மல்ட்டிபிள் சேல் ரிப்போர்ட் இருக்கு, 2011ல இருந்து, அதுக்கு ஃபாரம் 3310.12, அதை மறந்துடாதீங்க.

இல்லினாய் கடை: சாஃப்ட்வேர். பேச்சே இல்ல.

நியூயார்க், வாஷிங்டன், கலிஃபோர்னியா, கொலராடோ: ரெண்டு பேருக்கு மேல வேலை பாத்தா சாஃப்ட்வேர். ஒரே ஆள்னா கூட வெயிட்டிங் பீரியட் இருக்கற இடத்துல சாஃப்ட்வேர் பக்கம்தான் நான் சாய்வேன், மேல சொன்ன செக்ஷன் டி காரணத்துக்காக. நியூயார்க்ல டீலர்கள் ரெக்கார்டை வருஷத்துக்கு ரெண்டு தடவை ஸ்டேட் போலீஸுக்கு அனுப்பவும் வேண்டியிருக்கு, நோட்டை வெச்சுக்கிட்டு அதைப் பண்றது பெரிய தண்டனை.

பான் ஷாப்: இதுல நிறைய பேர் ஏமாறறாங்க. "நாங்க மாசத்துக்கு அஞ்சு துப்பாக்கிதான் விக்கறோம்"பாங்க. ஆனா அடகு வர்ற ஒவ்வொண்ணும் வரவு, மீட்டுட்டுப் போறது ஒவ்வொண்ணும் 4473, பேக்ரவுண்ட் செக்கோட ஒரு பற்று. அதே துப்பாக்கி, அதே ஆள், வருஷத்துல மூணு தடவை அடகுக்கு வந்து போனா மூணு ஜோடி பதிவு. விற்பனையை எண்ணாதீங்க, பதிவை எண்ணுங்க. எண்ணிப் பாத்தா பெரும்பாலும் சாஃப்ட்வேர்லதான் வந்து நிக்கும்.

மாநில எல்லையில இருக்கற கடை: இவங்களுக்கு கன்சல்டன்ட் அவசியம். வெளி மாநிலத்துக்காரருக்கு ரைஃபிள், ஷாட்கன் விக்கலாம், ஆனா ரெண்டு மாநில சட்டத்துக்கும் பொருந்தணும். ஹேண்ட்கன்னா அவர் மாநிலத்துல இருக்கற டீலருக்கு அனுப்பித்தான் குடுக்கணும். அதாவது பக்கத்து மாநிலத்துல சட்டம் மாறினாலும் உங்களுக்கு வேலை மாறும்.

ஸ்டேட் சட்டத்தை யார் பாக்கறது

எந்த வழியை எடுத்தாலும் இதை ஒருத்தர் பேர்ல எழுதி ஒட்டுங்க, "எல்லாரும் பாத்துக்கலாம்"னா யாரும் பாக்க மாட்டாங்க. அவர் வாரத்துக்கு ஒரு நாள், நாள் குறிச்சு, ஏ.டி.எஃப் டீலர்களுக்கு அனுப்பற ஓப்பன் லெட்டர், ஸ்டேட் போலீஸ் இல்ல ஸ்டேட் நீதித்துறை டீலர் அறிவிப்பு, ரெண்டையும் பாக்கணும். இந்த மாதிரி அறிவிப்பு எவ்வளவு முக்கியம்னா, மிச்சிகனோட கன்சீல்டு பிஸ்டல் லைசென்ஸை (பிஸ்டலை மறைச்சு எடுத்துட்டுப் போக ஸ்டேட் தர்ற லைசென்ஸ்) இனிமே செக்குக்கு பதிலா ஏத்துக்கக் கூடாதுன்னு 2020 மார்ச்ல ஏ.டி.எஃப் சொன்னது டீலர்களுக்கு அனுப்பின ஒரு அறிவிப்புலதான். சட்டசபையில ஒரு எழுத்து மாறல, கவுன்ட்டர் வேலை ஒரே நாள்ல மாறிடுச்சு.

அவர் ஒரு லாக் (பதிவேடு) வெக்கணும், நாலே காலம்: எந்தத் தேதியில இருந்து, என்ன மாறுது, எந்த அறிவிப்பு, கடையில யார் யாருக்கு சொல்லிக் கையெழுத்து வாங்கினது. கோர்ட் ஒண்ணை நிறுத்தினா அதுக்கும் ஒரு வரி, திரும்ப வந்தா இன்னொரு வரி. பழைய ஃபாரம் கட்டு எதுவும் கவுன்ட்டருக்கு கீழ கிடக்கக் கூடாது, புதுப் பதிப்பு கட்டாயமான அன்னைக்கே எடுத்து ஒழிச்சிடணும்.

மாத்தறதா முடிவு பண்ணா

ஃபெடரல் இன்ஸ்பெக்ஷன் வாரன்ட் இல்லாம பன்னிரண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரலாம், அது வர்ற நாளை நீங்க தேர்ந்தெடுக்க முடியாது, அதனால பாதி நோட்டுலயும் பாதி கம்ப்யூட்டர்லயும் மாசக்கணக்கா நிக்காதீங்க. ஒரு தேதி குறிச்சு, அன்னைக்கு கடையைச் சாத்திட்டு, கையில இருக்கற ஒவ்வொரு துப்பாக்கியையும் எடுத்து சீரியல் நம்பரை ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் புக்ல பாக்கணும். விக்காம இருக்கறது மட்டும் புது சிஸ்டத்துக்கு போகும், முதல்ல யார்கிட்ட இருந்து எந்தத் தேதியில வந்துச்சோ அதே விவரத்தோட. இன்னைய தேதியை வரவுத் தேதியா போட்டுடாதீங்க, அவசரத்துல ரொம்ப பேர் அதைத்தான் பண்றாங்க. பழைய நோட்டுல அந்த வரிக்கு நேரா எங்க மாத்தினீங்கன்னு குறிப்பு எழுதி, நோட்டை பத்திரமா வைங்க.

வெயிட்டிங் பீரியட்ல பாதியில நிக்கற விற்பனை இருந்தா அதெல்லாம் கைமாறி முடிஞ்சப்புறம் தேதி குறிக்கறது நல்லது, ஒரே விற்பனை ரெண்டு சிஸ்டத்துல பாதிப் பாதியா நின்னா அதை யாருக்கும் விளக்கிப் புரிய வெக்க முடியாது. புது சிஸ்டத்துல முதல் முழு டவுன்லோடை ஆறு மாசம் காத்திருக்காம அந்த வாரமே எடுத்து, திறந்து பாத்து, சீரியல் நம்பர்ல முன்னாடி இருக்கற பூஜ்யம் எல்லாம் அப்படியே வந்திருக்கான்னு பாருங்க.

இடம் மாத்தினதுல நம்பர் எண்ணிக்கை ஒத்து வரலைன்னா, ஒத்து வர்ற வரைக்கும் கடையைத் திறக்காதீங்க.